பின்பாதி என்னுடையது

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, இன்று கண்ணாடி இல்லாமல் பஸ் போர்டைப் படிக்க முடியாத வயதுக்கு வந்துவிட்ட என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீளமான இங்கிலீஷ் வார்த்தை ஒன்று திடீரென்று எதிரே வந்து நின்றால் உங்களுக்கு என்ன ஆகும்? சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சிலர் நடுவில் இரண்டு எழுத்தை விழுங்கிவிட்டு அந்தப் பக்கம் போய் நிற்பார்கள். என் வீட்டுக்காரர் இருமுவார்.

எனக்கு அந்த வார்த்தையின் முன்பாதி காதில் கேட்கும். என் குரல் இல்லை, பன்னிரண்டு வயதுப் பெண்ணின் குரல். அவள் முன்பாதியைச் சொல்லி நிறுத்துவாள். அவள் நிறுத்திய பிறகுதான் என் வாய் திறக்கும். இருபது வருடத்துக்கு மேலாக இங்கிலீஷ் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன். ஒரு நீள வார்த்தையைக்கூட நான் தனியாகத் தொடங்கியதில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், கேட்டுவிட்டு என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அவள் என் பெரியப்பா மகள். என்னைவிட நாலே நாலு மாதம் மூத்தவள். அந்த நாலு மாதத்துக்காக நான் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும். பெரியவர்கள் முன்னால் கூப்பிடுவேன், அவர்கள் தலை மறைந்தால் ‘ஏய்’தான். ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த ஒற்றை அறைக் காம்பிரா எங்களுக்கு. யட்டியாந்தோட்டையிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் எங்கள் ரப்பர் தோட்டம். காலையில் பால் வெட்டப் போகிறவர்கள் வாளியோடு போவார்கள், பத்து மணிக்கு மேல் புளித்த பால் வாடை ஸ்டோர் பக்கமிருந்து வந்து சோற்றுக்குள் புகுந்துகொள்ளும். அந்த வாடை இல்லாமல் எங்களுக்கு ஒரு சாப்பாடும் இறங்கியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், பள்ளிக்கூடத்துக்கு முதல் முறையாக ஒரு இங்கிலீஷ் மிஸ் வந்தார். தெரணியகலைப் பக்கத்துச் சிங்களப் பெண். வயிற்றில் பிள்ளையோடு மூச்சு வாங்க மேடு ஏறி வருவார். தமிழ் கொஞ்சம், சிங்களம் நிறைய, இரண்டும் தீர்ந்தால் கை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சிங்களம் கடையிலேயே வந்துவிடுவதால் யாருக்கும் கஷ்டமில்லை.

மிஸ் கற்றுக்கொடுத்த வித்தை இதுதான். புறங்கையைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். வார்த்தையை மெதுவாகச் சொல்ல வேண்டும். தாடை எத்தனை முறை கையில் இடிக்கிறதோ வார்த்தையில் அத்தனை துண்டு. அதற்குப் பிறகுதான் முக்கியமானது. அத்தனை துண்டிலும் ஒரு துண்டுதான் கனமானது. அந்த இடத்தில் மட்டும் தலை சட்டென்று கீழே இறங்க வேண்டும்.

“எல்லாம் ஒரே மாதிரி சொல்ல வேணாம். தமிழ் வாய் எல்லாத்தையும் ஒரே மாதிரி நடக்குது. இங்கிலீஷ் வாய் ஒரு இடத்துல மிதிக்கணும். ஆயெத் கியன்ன,” என்பார். மறுபடி சொல்லு என்று அர்த்தம்.

எக்-ஸாம்-இ-நே-ஷன். ‘நே’யில் தலை இறங்கும். இ-லெக்-ட்ரி-ஸி-டி. ‘ட்ரி’யில் இறங்கும். நாற்பது பிள்ளைகள் கையைத் தாடைக்குக் கொடுத்துக்கொண்டு ஒரே நேரத்தில் தலையை இறக்குவதை ஜன்னல் வழியே பார்த்த எங்கள் பெரிய வாத்தியார் ஒரு நாள் வெளியே நின்று சிரித்துவிட்டுப் போனார்.

வகுப்பில் இது இரண்டு பேருக்குத்தான் பிடிபட்டது. அக்காவுக்கும் எனக்கும். உண்மையைச் சொன்னால் அவளுக்குத்தான். நான் தாடையை எண்ணி, யோசித்து, தப்பு விட்டுத் திருத்துவேன். அவள் வார்த்தையைப் பார்த்த உடனே கனம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்துப் பழுத்ததா என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்களே, அந்த மாதிரி.

ஆகஸ்ட் லீவுக்கு முன்னால் மிஸ் பிரசவத்துக்குப் போனார். போகும்போது அரைத் தாளில் இருபது நீள வார்த்தைகளை எழுதி எங்கள் இருவர் கையிலும் சேர்த்துக் கொடுத்தார். கேகாலையில் வாசிப்புப் போட்டி, ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிள்ளைதான், நான் திரும்பி வந்து உங்கள் இரண்டு பேரில் ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பேன் என்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறக்கத்தில் இறங்கிப் போனார்.

கேகாலை உங்களுக்கு இன்று பெரிய ஊராகத் தெரியாது. எங்களுக்கு அன்று அதற்கு அந்தப் பக்கம் உலகமே இல்லை. போட்டியில் ஜெயித்தால் டவுன் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கும் என்று அப்பா எங்கேயோ கேட்டுவிட்டு வந்திருந்தார். அதை அவர் அடுத்த காம்பிராவுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது.

அது ரப்பர் கொட்டை வெடிக்கிற காலம். வெயில் ஏறினால் மரத்து உச்சியில் டக், டக் என்று வெடித்துக் கொட்டை நாலு பக்கமும் தெறிக்கும். அதைக் கல்லில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவர் தொடையில் வைக்காதவர் நம்மில் யார்? நாங்கள் அந்த விளையாட்டை விட்டுவிட்டு வேறொன்று கண்டுபிடித்தோம். ஒரு வார்த்தையை இரண்டு பேர் பிரித்துக்கொள்வது. கனமான துண்டுக்கு முன்னால் உள்ளதெல்லாம் அவளுக்கு. கனமான துண்டிலிருந்து முடிவு வரை எனக்கு. அவள் “எக்-ஸாம்-இ” என்று நிறுத்துவாள். மேலே ஒரு கொட்டை வெடிக்க வேண்டும். வெடித்ததும் நான் “நே-ஷன்” என்று தலையை இறக்குவேன். வெடிப்பதற்கு முன்னால் சொன்னால் தோல்வி. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

இருபது வார்த்தையும் ஒரு வாரத்தில் தீர்ந்தது. புது வார்த்தைக்கு எங்கே போவது? எங்கள் தோட்டத்தில் இங்கிலீஷ் எழுத்து இருந்தது மூன்றே இடத்தில். ஸ்டோர் போர்டு, ஆசிட் கேன், துரைசானி கல்லு.

பழைய பங்களாவுக்குப் பின்னால், காடு மண்டிய இடத்தில் வெள்ளைக்காரத் துரைசானி ஒருத்தியைப் புதைத்த கல் இருந்தது. யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். வெள்ளைச் சட்டையோடு நடக்கிறாள், விறகுக்குப் போனவளைக் கூப்பிட்டாள் என்று ஆயிரம் கதை. நாங்கள் பட்டப்பகலில் போனோம். பெயர் இருந்த வரியைப் பாசி தின்றிருந்தது. நகத்தால் சுரண்டியபோது கீழ் வரியில் ஒரு நீளமான வார்த்தை வந்தது. அவள் தாடைக்குக் கை கொடுத்து இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

“சூ-பர்-இன்,” என்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “மிச்சம் ஒனக்கு.”

“டென்-டன்ட்,” என்றேன்.

நம்முடைய தோட்டத் துரைக்குக் காகிதத்தில் அதுதான் பட்டம் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவளுக்கு அர்த்தம் தேவையே இல்லை. அந்த வார்த்தையில் அவளுக்கு ஒரு ஆசை விழுந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் நின்றால் அது, பாத்திரம் கழுவினால் அது. நானும் பக்கத்தில் இருந்தால் பின்பாதி போடுவேன். நான் இல்லாவிட்டால் அவள் முன்பாதியை மட்டும் சொல்லி, என் பங்குக்கு இடம் விட்டு, தலையை மட்டும் இறக்குவாள்.

ஒரு நாள் கல்லருகே இருந்தபோது எனக்குக் கொய்யா மரம் கண்ணில் பட்டது. நான் பறித்துக்கொண்டு வருகிறேன் என்று போனேன். திரும்பும்போது கங்காணியம்மா விறகுக் கட்டோடு பாதையில் நிற்கிறாள். அக்கா கல்லின் மேல் உட்கார்ந்து, கையைத் தாடைக்குக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, “சூ… பர்… இன்…” என்று சொல்லித் தலையைத் தலையை இறக்குகிறாள். கங்காணியம்மா விறகைப் போட்டுவிட்டு ஓடினாள். நான் புதருக்குள் உட்கார்ந்துகொண்டேன். கூப்பிட்டிருக்கலாம். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டால், அப்போது சிரிப்புத்தான் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுநாளைக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. துரைசானி பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். துரையைக் கூப்பிடுகிறாள். ஆபீசில் வேலை செய்த ஒருவர், துரையின் பட்டம் அதுதான் என்று வேறு சொல்லிவைத்தார். படித்த மனிதர் சொன்ன பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? பெரியம்மா அழுதாள். பெரியப்பா காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகாமல் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார்.

அக்கா எல்லோரிடமும் சொன்னாள். “அது பாடம்மா. மிஸ் சொல்லிக் குடுத்தது. அவகிட்டக் கேளுங்க.” என் பக்கம் கையைக் காட்டினாள்.

அம்மா அன்று பகலில் எனக்குத் தலை வாரினாள். பின்னிக்கொண்டே கேட்டாள். “நீயும் அவளும் ஒன்னாத்தான் அந்தக் கல்லுக்குப் போவீங்களா?”

“இல்லம்மா.”

“ஒனக்கு அந்தப் பேச்சு தெரியுமா?”

“தெரியாதும்மா.”

அம்மா மேலே ஒன்றும் கேட்கவில்லை. ரிப்பனை நெற்றி வலிக்கிற மாதிரி இறுக்கிக் கட்டினாள். என் நோட்டுப் புத்தகம் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. அதில் இருபது வார்த்தையும் கோடு போட்டுத் துண்டு துண்டாக என் கையெழுத்தில் இருந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பார்த்தாள். இப்போது என் மகளுக்கு நான் தலை வாரும்போது தோன்றுகிறது, அம்மா எல்லாம் தெரிந்துதான் கேட்டிருக்கிறாள். எந்தப் பதில் தனக்கு வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முனியாண்டி கோயில் முன்னால் பேயோட்ட ஏற்பாடு செய்தார்கள். மேல் டிவிசனிலிருந்து கோடாங்கி வந்தார். உடுக்கை அடித்துப் பேயிடம் பேச்சுக் கொடுத்துப் பேர் கேட்டு விரட்டுகிறவர் அவர். கெட்ட மனிதரும் இல்லை. என் தங்கைக்குக் காய்ச்சல் வந்தபோது மந்திரித்துவிட்டு ஒரு வெற்றிலைகூட வாங்காமல் போனவர். அக்காவைக் குளிக்கவைத்து ஈரத் துணியோடு நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். சாம்பிராணிப் புகை, எலுமிச்சம்பழம், வேப்பிலைக் கட்டு. நான் அம்மாவோடு முன்வரிசையில் நின்றேன். அம்மாவின் கை என் தோளில் இருந்தது.

உடுக்கை தொடங்கியது. இன்றைக்கும் என்னால் உடுக்கைச் சத்தம் கேட்க முடியாது. அதில் கனமான அடி ஒன்றும் லேசான அடிகள் சிலவும் மாறி மாறி வரும். கனமான அடி விழும்போதெல்லாம் அக்காவின் தலை தானாக இறங்கியது. அவளால் அதை நிறுத்த முடியவில்லை. மூன்று மாதமாக அதற்குத்தானே பழகியிருந்தாள். கூட்டம் “ஆ” என்றது.

“யாரு நீ? எந்த எடத்துல இருந்து வந்த? பேரச் சொல்லு.”

“நான் உங்க புள்ளதாங்க. எனக்கு ஒன்னுமில்லைங்க.”

வேப்பிலையால் அடித்தார். “பேரச் சொல்லு. யாரக் கூப்புடுற?”

அவள் புகைக்குள் கண்ணைத் திறந்து கூட்டத்தில் தேடினாள். என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. அதை நான் மறக்க வழியே இல்லை. புறங்கையை எடுத்துத் தாடைக்குக் கீழே வைத்தாள். “சூ… பர்… இன்…” என்றாள். நிறுத்தினாள். என் பங்குக்கு இடம் விட்டு என்னையே பார்த்தாள்.

உங்களுக்குப் புரிகிறதா? நான் இரண்டு துண்டு சொன்னால் போதும். ஒரு பேய் இரண்டு பிள்ளைகள் வாயில் பாதி பாதியாக இருக்க முடியுமா? யாராவது ஒருவர் சிரித்திருப்பார். யாராவது ஒருவர், விடுங்கப்பா, பிள்ளைகள் விளையாட்டு என்றிருப்பார். ‘டென்’ என் நாக்கின் நுனியில் மேல் அண்ணத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. அம்மாவின் விரல்கள் என் தோளை அழுத்தின.

நான் பயந்துவிட்டேன் என்று வெகு காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம்தான். என்னையும் பேய் என்று உட்காரவைத்து முடியை அறுப்பார்கள் என்ற பயம். ஆனால் அந்தப் பயத்துக்குள்ளே கேகாலை இருந்தது. இவளை வீட்டில் நிறுத்திவிட்டால் போவது நான்தான் என்ற கணக்கு, பன்னிரண்டு வயதுத் தலைக்குள் தெளிவாக ஓடியது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லாமல் சாகவும் விருப்பமில்லை.

வாயை மூடிக்கொண்டேன்.

“துரையக் கூப்புடுறா, பாதியில நிறுத்துறா பாரு, முழுசாச் சொல்ல மாட்டேங்குறா,” என்றார் கோடாங்கி. வேப்பிலை மறுபடி விழுந்தது. அவள் இரண்டாம் முறை சொன்னாள். நிறுத்தினாள். பார்த்தாள். மூன்றாம் முறையும். மூன்றாவது முறை பார்த்துவிட்டுக் கையைத் தாடையிலிருந்து எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

“போயிர்றேன்,” என்றாள் தரையைப் பார்த்து. “நான் போயிர்றேன். விட்டுருங்க.”

பேய் சொல்ல வேண்டியது அதுதானே. எல்லோருக்கும் மூச்சு வந்தது. உச்சி முடியில் ஒரு கொத்து அறுத்து, கோயிலுக்குப் பின்னால் உள்ள பலா மரத்தில் ஆணி அடித்து இறுக்கினார்கள். ஆணி இறங்கிய இடத்தில் வெள்ளையாகப் பால் வழிந்து முடியில் பிடித்துக்கொண்டது. பெரிய மனுஷி ஆகிற வரைக்கும் பிள்ளை இங்கிலீஷ் எழுத்தைக் கண்ணால் பார்க்கக் கூடாது என்று கோடாங்கி சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பா ஒரு படி மேலே போய்ப் பள்ளிக்கூடத்தையே நிறுத்தினார். மகளைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் அவர் கடைசிவரை நம்பினார். அக்கா பிள்ளைக்காம்பிராவில் ஆயாவுக்கு ஒத்தாசையாகத் தொட்டில் ஆட்டப் போனாள். பிறகு பால் வெட்டு.

மிஸ் திரும்பி வந்தார். வயிறு இறங்கி, முகம் வெளுத்து, வந்த உடனே “அக்கா கோ?” என்றார். எங்கே என்று.

“அவளுக்கு இஷ்டமில்ல மிஸ். நின்னுட்டா,” என்றேன்.

“அபராதே,” என்றார் மிஸ். வீணாய்ப் போயிற்றே என்பதற்குச் சிங்களத்தில் அப்படிச் சொல்வார்கள். தமிழ்க் காதுக்கு அது தண்டனை மாதிரி விழுந்தது. லயத்துக்கு வந்து பார்க்கிறேன் என்றார். கைப்பிள்ளைக்காரி, வரவில்லை.

கேகாலைக்கு நான் போனேன். மேடையில் முதல் நீள வார்த்தை வந்ததும் எனக்கு வாய் திறக்கவில்லை. முன்பாதி எப்போதும் அவளுடையது, எனக்குத் தொடங்கிப் பழக்கமே இல்லை. நடுவர் அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். அப்போதுதான் முதல் முறையாக அது கேட்டது. காதுக்குப் பக்கத்தில், புகை வாடையோடு, அவள் தொடங்கிக் கொடுத்தாள். நான் முடித்தேன். வாசிக்கக் கொடுத்த பக்கத்தில் இருந்த அத்தனை வார்த்தையும் அப்படியே. முதல் பரிசு எனக்கு. தடித்த அகராதி ஒன்று கொடுத்தார்கள். டவுன் பள்ளிக்கூடத்தில் இடமும் கிடைத்தது. இன்று நான் சாப்பிடுகிற சோறு அந்த மேடையிலிருந்து வந்தது.

நான் டவுனுக்குப் போன பிறகு அவளும் நானும் பேசிக்கொள்ளாமல் இருந்ததில்லை. விசேஷத்துக்கு விசேஷம் பார்ப்போம், ‘சுகமா’ என்போம். அதற்கு மேல் இரண்டு பேரும் போனதில்லை. யுத்தம் முடிந்த வருடம் பெரியப்பா இறந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். அக்கா ஸ்டோர் பக்கமுள்ள லயத்தில் இருந்தாள், கல்யாணமாகி ஒரு மகள். கையெல்லாம் ரப்பர் பால் காய்ந்து கறுத்திருந்தது. சாயந்தரம் எல்லோரும் கிளம்பிய பிறகு, அவள் தண்ணீர் விழுகிற பீலியடியில் தேத்தண்ணிக் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“அக்கா,” என்றேன். யாரும் பக்கத்தில் இல்லாமல் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. “அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்.”

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. “ம்,” என்றாள்.

“நான் சொல்லியிருந்தாலும் அவங்க நம்பியிருக்க மாட்டாங்க, இல்லக்கா?”

கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். “அவங்க நம்பியிருக்க மாட்டாங்கதான். எனக்குப் பேய் புடிக்கலன்னு நான் நம்பியிருப்பேன்ல.”

அடுத்த கிளாஸை எடுத்தாள்.

“அவ்வளவு பேரு சொல்றாங்க. நீயும் சும்மா நிக்கிற. அப்ப நெசமாத்தான் புடிச்சிருக்குன்னு நெனச்சுட்டேன். ஒன்னோட வெளையாண்டதுகூட நானா நெனச்சுக்கிட்டதுதானோன்னு. எத்தனையோ வருசம் அப்படித்தான்.” குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். வேறு யாரோ ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். “இப்பக்கூட உடுக்கச் சத்தம் கேட்டா எனக்குத் தலை ஆடும்.”

நான் புறங்கையை எடுத்துத் தாடைக்குக் கீழே வைத்தேன். என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்யவில்லை.

“டென்,” என்றேன். தலை இறங்கியது. “டன்ட்.”

பீலித் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். கழுவின கிளாஸ்களைத் தட்டில் அடுக்கினாள்.

“இப்ப எதுக்கு,” என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

நானும் பின்னால் போனேன். அவள் காம்பிராவுக்குள் மகள் பாயில் குப்புறப் படுத்து, பள்ளிக்கூடத்துப் புத்தகத்தை விரல் வைத்து இங்கிலீஷில் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஏதோ நீளமான வார்த்தை. பிள்ளை அதைத் துண்டு துண்டாக உடைத்தாள். அக்கா வாசலிலேயே நின்று, வெளியே யாராவது வருகிறார்களா என்று பாதையை இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு குனிந்து மகளின் தலையில் கையை வைத்து, அது இறங்காதபடி பிடித்துக்கொண்டாள்.

“படி,” என்றாள். “பைய்யப் படி. வெளிய கேக்காமப் படி.”